பீப்பாத்தோட்டத்துச் சூடு

அருமைநாயகத்தை அடித்துக் கொன்ற நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. யாரை வெறுப்பது என்று கதை முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னும் ஒரு பத்துப் பதினைந்து வருஷம் கழித்து நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வடக்கே, துறைமுகத்தைத் தாண்டி, பீப்பாத்தோட்டம் என்று ஒரு இடம். ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களைக் கழுவி அடுக்கிய மைதானம். பிறகு நானூறு வீடுகள் வந்தன. மைதானத்துக்கு அடியில் போன எண்ணெய்க் குழாய் எப்போதோ கிழிந்து, வருஷக்கணக்காக டீசல் ஒழுகி, நிலத்தடி நீரின் மேல் ஆடை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் நாறியது. நகரத்தில் எல்லாத் தண்ணீரும்தான் நாறுகிறது என்று இருந்துவிட்டார்கள்.

தெரிந்த நாள், ஏகாம்பரம் எரிந்த நாள். கிணற்றில் மோட்டார் இறக்கப் போனவன் ஒயரைச் செருகியதும் கிணறு ஒரு முறை மூச்சு விட்டது. அவன் ஏணிப்படிகளில் எரிந்துகொண்டே ஏறி மேலே வந்து, மனைவி தேசம்மாவைப் பார்த்து, "கிட்ட வராதம்மே" என்று சொல்லிவிட்டு விழுந்தான். தேசம்மா ஈரச்சாக்கோடு போய் விழுந்ததில் அவளுடைய இடது முழங்கை வரை தோல் உருகிப்போனது. அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

அதன் பிறகு வழக்கு, கமிட்டி, நீதிமன்றம். மண்ணை முப்பதடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்து வேறிடத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மண்ணைத் தோண்டினால் மண்ணின் மேல் இருக்கிற வீடுகள்? நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு அடுக்குமாடியைக் காட்டினார்கள். அங்கிருந்து துறைமுக வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். பீப்பாத்தோட்டம் போக மாட்டேன் என்றது.

பொக்லைன்கள் வந்த காலையில் தேசம்மாவின் அண்ணன் துரைக்கண்ணு முதல் வண்டியின் முன்னால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றான். பழைய பாக்ஸர். அவனுடைய வலது கையைப் பற்றி வடசென்னையே பேசும். வண்டி நிற்கவில்லை என்றதும் ஏறிக் கதவைத் திறந்து டிரைவரை வெளியே இழுத்து ஒரே ஒரு குத்து. தாடை இரண்டாகப் போனது. பிறகு போலீஸ். லத்தியடியில் தேசம்மாவுக்கு முன்பற்கள் இரண்டு போயின. அன்றைக்குத் தெருவில் கிடந்த செருப்புகளை அள்ள ஒரு மீன்பாடி வண்டி தேவைப்பட்டது.

அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் நீதிமன்றம் வேறு வழி உண்டா என்று கேட்டது. உண்டு என்று சொல்லிக்கொண்டு ஆறு நீலப் பீப்பாய்களோடு வந்து இறங்கியவன்தான் அருமைநாயகம். தூத்துக்குடிக்காரன், முப்பத்திரண்டு வயது, கொஞ்சம் திக்குவாய், தோளில் எப்போதும் ஒரு துண்டு.

தெருவே கூடி நின்று கேட்டது.

"தோண்டவே வேண்டாம் அண்ணாச்சி" என்றான் துரைக்கண்ணுவிடம். "நாப்பத்திரண்டு எடத்துல கைதண்டி பைப்பு எறக்குவோம். அது வழியா இந்தப் பீப்பாயில இருக்கத உள்ள விடுவோம். கண்ணுக்குத் தெரியாத கிருமி. எண்ணெயத் திங்கும். தின்னு தண்ணியாவும் காத்தாவும் ஆக்கிரும்."

"கிருமி எண்ணெ துன்னுமா?"

"மண்ணுல எப்பவுமே தின்னுக்கிட்டுதான் இருக்கு. ஆனா நூறு வருசம் ஆகும். இது நாங்க சோதனைச்சாலையில வளத்தது. அஞ்சு வருசத்துல முடிச்சிரும். எண்ணெய்த்தின்னின்னு பேரு."

"துன்னி" என்றான் துரைக்கண்ணு. கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அது துன்னிதான். அருமைநாயகம் பூச்சி சார்.

"ஏன் பூச்சி சார், உன் துன்னி எண்ணெ தீந்ததும் எங்கள துன்னாதா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"செத்துப்போகும் அய்யா. அதுக்கு எண்ணெய் இல்லன்னா சோறு இல்ல. ஒரே ஒரு விசயம்." அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திக்கல் வந்தது. "அதப் ப... பசியோட வெச்சிருக்கணும். வேற எதையும் குடுக்கக் கூடாது. நம்ம பிள்ளைக்கு ஒரு கையில முட்டாயும் ஒரு கையில பாகக்காயும் குடுத்தா எதைத் திங்கும்? அதே கதைதான். எண்ணெய் அதுக்குப் பாகக்கா. பசி இருக்கிற வரைக்கும்தான் அது நம்ம பக்கம்."

"காத்து?" என்றாள் தேசம்மா. பீப்பாய்களுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்ரஸரைக் காட்டிக் கேட்டாள்.

அருமைநாயகம் அவளை முதல் முறையாகப் பார்த்தான். "நல்லாக் கேட்டிய யக்கா. அதுக்கு மூச்சு வேணும்லா? இந்தக் கம்ப்ரஸர் ராவும் பகலும் காத்து அனுப்பும். கூட அளந்து கொஞ்சம் யூரியாத் தண்ணி. அவ்வளவுதான்."

ஐந்தாம் வருஷ முடிவில் நீதிமன்றத்தின் ஆட்கள் வந்து கிணற்று நீரைச் சோதிப்பார்கள். எண்ணெய் இல்லை என்றால் நானூறு வீட்டுக்கும் பட்டா. இருந்தால் பொக்லைன். பேச்சு அவ்வளவு சுருக்கம். நாற்பத்திரண்டு குழாய்களுக்கும் மூடி போட்டுப் பூட்டி, சாவிக்கொத்து ஒன்றை அருமைநாயகம் வைத்துக்கொண்டான். இன்னொன்றைத் தேசம்மாவிடம் கொடுத்தான். உருகிய கையைப் பார்த்தோ, காற்றைப் பற்றிக் கேட்டதற்காகவோ தெரியாது. குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் கிணற்றுக்காரி வேலை அவளுக்கு.

மூன்று வருஷம் நல்லபடி போயிற்று. ஆனால் மண் சுட்டது.

துன்னி எண்ணெயைத் தின்னத் தின்ன மண்ணுக்குள் சூடு ஏறியது. முதலில் தமாஷாக இருந்தது. ஆட்டிவைத்த இட்லி மாவு ஒரு மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. அடைகாக்கக் கோழி இல்லாமல் மூலையில் கிடந்த முட்டையிலிருந்து குஞ்சு வந்தது. மார்கழியில் கிழவர்கள் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, "பூச்சி சார் புண்ணியத்துல ஈட்டர் போட்ட மாரி கீது" என்றார்கள். சித்திரை வந்ததும் தமாஷ் போய்விட்டது. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்க முடியவில்லை. தவழும் பிள்ளைகளின் முழங்காலில் கொப்புளம். ஒரு பெண் சூட்டில் தலைசுற்றி அடுப்பில் விழுந்து முகம் வெந்தாள். அதற்கு அவள் புருஷன் அருமைநாயகத்தைத் தெருவில் வைத்துச் செருப்பால் அடித்தான். அருமைநாயகம் விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சூடு இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்கிடுங்க" என்றான்.

தேசம்மா மட்டும் காலையில் வேலைக்கு வரும்போது ஒவ்வொரு குழாயடியிலும் செருப்பைக் கழற்றி உள்ளங்காலை வைத்துப் பார்ப்பாள். அருமைநாயகத்தின் சூட்டு மீட்டர் சொல்வதை அவள் கால் முன்பே சொல்லிவிடும். "பன்னெண்டாம் பைப்பு நல்லாத் துன்னுது சார்" என்பாள். மீட்டரும் அதையே சொல்லும். அருமைநாயகம் சிரிப்பான்.

நான்காம் வருஷ ஆடி மாதம், பக்கத்து வீட்டு மோனிஷாவின் குழந்தை தியாவுக்கு அம்மை போட்டது. இரண்டு வயது. உடம்பெல்லாம் முத்து. வேப்பிலையில் படுக்க வைத்திருந்தார்கள். கீழே தரை கொதித்தது. வேப்பிலை ஒரு மணி நேரத்தில் கருகிச் சுருண்டது.

மோனிஷா வந்து தேசம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அம்மா ஊட்டுல வந்து குந்திகினு இருக்கா. கீழ இப்டி அனல் அடிச்சா அவ எப்டிக் குளுருவா? அவ குளுந்தாத்தான எம்புள்ள குளுரும்?"

"கோயில்ல கூழ் ஊத்துறாங்க இல்ல, போய் வேண்டிக்கோ."

"கோயில்ல ஊத்துனா கோயில் குளுரும். சூடு அந்தப் பைப்புலேர்ந்து இல்ல வருது? அங்க ஊத்தணும்."

"சூடு இருந்தா வேலை நடக்குதுன்னு சார்..."

"சார் ஊட்டுத் தரை சுடுதா யக்கா?"

கண்ணுகளா, இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? அவள் சாவிக்கொத்தை எடுத்தாள். தலையில் சொம்போடு மோனிஷா முன்னால் நடந்தாள். பன்னிரண்டாம் குழாயின் மூடியைத் திறந்து, மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழை இரண்டு பேருமாக ஊற்றினார்கள். குழாய் கடகடவென்று குடித்தது. தேசம்மா வேப்பங்கொத்தை மூடியில் செருகிக் கும்பிட்டாள். அவள் மனதில் ஏகாம்பரம் இருந்தான். எரிந்தவனுக்கு ஒரு வாய் குளிர்ச்சி தரவில்லையே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

தியாவுக்கு ஒன்பதாம் நாள் தண்ணீர் விட்டார்கள். முத்தெல்லாம் உதிர்ந்துவிட்டன. அம்மை ஒன்பது நாளில் இறங்குவது வழக்கம்தான். ஆனால் பன்னிரண்டாம் குழாயைச் சுற்றிப் பத்து வீடுகளின் தரையும் குளிர்ந்திருந்தது. அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? தேசம்மா தன் உள்ளங்காலால் தொட்டுப் பார்த்தாள். மூன்று வருஷம் கழித்து, சில்லென்று.

அடுத்த வெள்ளிக்கிழமை துரைக்கண்ணு முதற்கொண்டு நூறு பேர் அண்டாவோடு வந்து நின்றார்கள். நாற்பத்திரண்டு குழாய்க்கும் கூழ். பம்பை உடுக்கை இல்லாமல், பூச்சி சாருக்குத் தெரியாமல். அவன் வெள்ளிக்கிழமைகளில் தலைமை அலுவலகம் போய்விடுவான். ஆடி முடிந்தது. ஆவணி வந்தது. கூழ் நிற்கவில்லை. தரை முழுக்கக் குளிர்ந்தது. கிழவர்கள் அழுதார்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடினார்கள்.

இங்கேதான் உங்களுக்குக் கோபம் வரும். பூச்சி சாருக்குப் புரிந்திருக்க வேண்டுமே என்று. அவனும் புரிந்துகொண்டான், அவன் படிப்புப்படி. சூடு என்றால் தின்கிறது. சூடு இல்லை என்றால்? தின்பதற்கு ஒன்றுமில்லை! எண்ணெய் தீர்ந்துவிட்டது! ஐந்து வருஷ வேலை நான்கு வருஷத்தில்! ஆழத்து மண்ணை எடுத்துச் சோதித்துவிடுகிறேன் என்று கம்பெனியில் கேட்டான். இறுதிச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கம்ப்ரஸரை நிறுத்து என்றார்கள். நான்கு வருஷம் அடியும் ஏச்சும் வாங்கியவனுக்கு அதை நம்ப ஆசை இருந்தது. நிறுத்தினான்.

கம்ப்ரஸர் நின்றதும் தெருவில் ஒரு அமைதி வந்தது. அத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியவர்கள், அன்று முழுக்க ஒருவரை ஒருவர் அதட்டுவது போலவே பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

அருமைநாயகம் தேசம்மாவுக்கு ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தான். "எங்க ஊரு முட்டாய் யக்கா. முந்திரிப் பருப்பு, முட்டை, சீனி. பட்டா வந்ததும் பெரிய டப்பாவா வாங்கியாறேன்."

தேசம்மா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

அவன் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. கூழ் ஊற்றினேன் என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொள்வான். தெருவுக்குத் திரும்பச் சூடு வரும். தியா முழங்காலில் மறுபடி கொப்புளம். இப்போது எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதே, எதற்கு?

"வாயில வெச்சதும் கரையுது சார்" என்றாள்.

ஐப்பசி முதல் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அன்றைக்கும் கூழ் ஊற்றியாகிவிட்டது. மோனிஷா அடுப்பைப் பற்றவைத்தாள்.

வீடு மேலே போகவில்லை. தரைதான் மேலே வந்தது. சிமெண்டுத் தரை ஒரே பலகையாக எழுந்து கூரையை இடித்துத் திறந்தது. அடுத்தடுத்து மூன்று வீடுகள். பிறகு குழாய் மூடிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. ஒன்று பால்காரரின் கழுத்தில் பட்டது. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே செத்தார். மோனிஷாவைத் தெருவில் நான்கு இடங்களிலிருந்து எடுத்தார்கள். தியாவைத் துரைக்கண்ணுதான் எடுத்தான். முழுசாக இருந்தாள். வாயில் மட்டும் மண். அவன் விரலால் அந்த மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தான். ஏழு பேர் போனார்கள்.

அருமைநாயகம் ஓடிப்போயிருக்கலாம். ஆட்டோ பிடித்து நேரே தெருவுக்கு வந்தான். யாரையும் பார்க்காமல் பன்னிரண்டாம் குழாயிடம் போய் மண்டியிட்டு, உள்ளே விரலை விட்டு வழித்து முகர்ந்தான். விரலில் பழுப்பு நிறக் கூழ். ஒரு வெங்காயத் தோல். பக்கத்தில் தேசம்மா நின்றாள்.

"எத்தன நாளா யக்கா?" என்றான் மெதுவாக.

"ஆடிலேர்ந்து."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "முட்டாய் கெடைச்சதும் எ... எண்ணெய விட்டுட்டு இதத் தின்னுருக்கு. எண்ணெயத் தின்னாதான அந்தச் சூடு. அதான் அடங்கிருக்கு. நான் எண்ணெய் தீந்துதுன்னுல்லா நெனச்சேன்! காத்த வேற நிறுத்திட்டேன். மூச்சு இல்லாம கூழு அழுகி, கேஸு கட்டி, மழை பேஞ்சு மண்ணு மூடிக்கிட்டு, போறதுக்கு வேற வழி இல்லாம வீட்டுக்குள்ள..." திக்கல் இல்லாமல் வந்தன கடைசி வார்த்தைகள். "கூழு மட்டும்னா ஒண்ணும் ஆயிருக்காது. காத்து மட்டும் நின்னாலும் ஒண்ணும் ஆயிருக்காது. நீங்க பாதி, நான் பாதி."

அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. துரைக்கண்ணு தியாவை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான். கையெல்லாம் மண்.

"எப்டி வெடிச்சிது?"

"காத்த நிறுத்தினது நான் அண்ணாச்சி. என் தப்பு" என்றான் அருமைநாயகம். அதோடு நிறுத்திக்கொண்டான். தேசம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் அடி ஒரு கிழவியின் விளக்குமாறு. இரண்டாவது செங்கல். அவன் உட்கார்ந்தான். துண்டைத் தலையில் போட்டு மூடிக்கொண்டான், மழைக்கு மூடுவது போல.

தேசம்மா அவன் முன்னால் பாய்ந்து நின்று சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினாள். "கூழ் ஊத்துனது நான்! பூட்டத் தொறந்தது நான்! கூழால தாண்டா வெடிச்சிது! என்ன அடிங்க!"

ஒரு கணம் எல்லாக் கையும் நின்றது. நான் எத்தனையோ முறை அந்தக் கணத்திலேயே கதையை நிறுத்திவிடலாமா என்று பார்த்திருக்கிறேன். முடியாது, கண்ணுகளா.

"கூழு வெடிக்குமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அம்மா குடிக்கிற கூழு வெடிக்குமாடி?"

"ஊத்துனது நாம எல்லாருந்தான. அப்போ நாமளா கொன்னோம் தியாவ?"

"எதுக்கு இவ இந்த ஆளுக்காக இப்டித் துடிக்கிறா? புருசன் இல்லாதவ..."

அந்த வார்த்தை துரைக்கண்ணுவின் காதில் விழுந்தது. அவன் தங்கையைப் பார்த்தான், பிறகு அவள் காலடியில் இருந்தவனை. தங்கை சொன்னது உண்மையாக இருந்தால் அவனும் அண்டா தூக்கியவன். அது பொய்யாக இருந்தே ஆக வேண்டும்.

"எந்தங்கச்சிய இன்னாடா பண்ணி வெச்சிருக்க? பொய் சொல்ற அளவுக்கு?"

தங்கையை ஒரு கையால் தூக்கி எறிந்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். வலது கை இறங்கியது. பிறகு எல்லாக் கையும். இரும்புப் பைப்பு, கடப்பாரை, உடைந்த தரையின் துண்டுகள். அவள் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவன் குற்றுயிராகவாவது கிடைத்திருப்பான். சுவரோரம் கிடந்தபடி அவள் அடித்தவர்களை எண்ணினாள். எழுந்திருக்க முடியாத ஒருத்தியால் செய்ய முடிந்தது அதுதான். நாற்பத்து மூன்று.

ஸ்டேஷனில் நாற்பத்து நான்கு பெயர் சொன்னாள். முதல் பெயர் அண்ணன். கடைசிப் பெயர் தன்னுடையது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "கூழ் ஊத்துறது எந்தச் செக்ஷன்லயும் குத்தம் இல்லம்மா. மத்தவங்களுக்கு உன்ன விட்டா வேற சாட்சி யாரு இருக்கா? ஒருத்தனும் வாயத் தொறக்கல." துரைக்கண்ணு நாற்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வழக்கு இழுத்துக்கொண்டே போய்ச் செத்தது. கம்பெனி வேறு ஆளை அனுப்பவில்லை. நீதிமன்றம் குறித்த தேதி மட்டும் அப்படியே இருந்தது. இன்னும் பதினாறு மாதம். மிச்ச எண்ணெய் கீழே அப்படியே கிடந்தது.

தேசம்மா தனியாகக் கம்ப்ரஸரை ஓட விட்டாள். யூரியாத் தண்ணீரை அளந்து விட்டாள். காலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது நாள் ஒன்றுமில்லை. இருபத்தோராம் நாள் பன்னிரண்டாம் குழாயடியில் உள்ளங்கால் சுட்டது. அங்கேயே உட்கார்ந்து வாய் விட்டு அழுதாள்.

தை பிறந்ததும் துரைக்கண்ணு அண்டாவோடு வந்தான். பின்னால் பத்து பேர்.

"தரை மறுபடி கொதிக்குது. வழி வுடு."

"ஊத்த வுட மாட்டேன்."

"அம்மாவுக்கும்மே!"

"எந்தம்மாவுக்கா இருந்தாலும்."

அவன் மூடியில் கையை வைத்தான். தேசம்மா கையில் மூடி திருகும் இரும்பு ஸ்பானர் இருந்தது. ஓங்கி அடித்தாள். வடசென்னையே பேசிய வலது கை. எலும்பு உடைந்த சத்தம் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கேட்டது. அவன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் மறுபடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு எடுத்தான்.

"இது யாருக்கு?" என்று கேட்டான், கையை மார்பில் அணைத்துக்கொண்டு. அவனுக்குத் தெரிந்திருந்தது. கேட்டான், அவ்வளவுதான்.

"பசியோட இருக்கணும்ணே" என்றாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. "சோறு போட்டா நம்ம வேலைய மறந்துரும்."

பதினாறாம் மாதம் ஆட்கள் வந்தார்கள். எட்டுக் கிணற்றில் நீர் எடுத்தார்கள். ஒருவர் குவளையைத் தூக்கி வெயிலில் பார்த்தார். நாற்றமில்லை, ஆடையில்லை. நானூறு வீட்டுக்கும் பட்டா வந்தது. பத்திரிகையில் மண்ணைத் தொடாமலே மண்ணைக் காப்பாற்றிய அதிசயம் என்று போட்டார்கள். அருமைநாயகம் பெயர் வரவில்லை.

ஆனால் பீப்பாத்தோட்டம் மறக்கவில்லை. நம் ஊரில் அநியாயமாய்ச் செத்தவனைச் சும்மா விடுவதில்லையே. முதலில் யாரோ ஒருத்தி பன்னிரண்டாம் குழாயடியில் விளக்கு வைத்தாள். கனவில் துண்டோடு வந்தான் என்றாள். அப்புறம் ஒரு செங்கல், மஞ்சள் துணி, வேல். குழாயய்யா என்று பெயர். கல்லை நட்டுக் கொடுத்தவன் துரைக்கண்ணு. கோணிப்போன வலது கையால் மண்ணைத் தள்ளித் தள்ளி நட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குழாயய்யா. பரீட்சை என்றால் குழாயய்யா. ஆடி வெள்ளி தவறாமல் நாற்பத்து மூன்று வீட்டிலிருந்தும் அவருக்குக் கூழ் வரும். பக்கத்தில் ஒரு தட்டில் யாராவது மக்ரூன் வைப்பார்கள்.

எல்லாரும் கும்பிட்டுப் போன பிறகு தேசம்மா வருவாள். கூழை எடுத்துத் தெருநாய்களுக்கு ஊற்றுவாள். மக்ரூனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். ஒரு பருக்கை கல்லின் மேல் இருக்க விட மாட்டாள்.

ஒரு வருஷம் துரைக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. "சாமிக்கு வெச்சத எடுக்கிறியே. அவருக்குப் பசிக்காதா?"

"பசிக்கட்டும்."

"பாவம்மே."

"அவரு வயிறு ரொம்பிச்சின்னா நம்மள மன்னிச்சிருவாருண்ணே" என்றாள் தேசம்மா, தட்டைக் கழுவிக்கொண்டே. "இருக்கட்டும், பசியோடவே."

அண்ணன் வெறுங்காலோடு கல்லைச் சுற்றி வந்தான். தெருவே வெறுங்காலோடுதான் நடந்தது. தரை அவ்வளவு குளிர்ச்சி. தேசம்மா மட்டும் அந்தக் குளிர்ச்சியில் கால் படாமல் செருப்போடு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.